எழுப்புவது எப்போது, எவ்வளவு நேரம்? பக்கவாத மறுவாழ்வில் ‘அவெர்ட்’: ஒரு நிகழ்வு ஆய்வு

காலை எட்டு மணிக்குப் பக்கவாதப் பிரிவுக்குள் ஓர் ஆய்வாளர் குறிப்பேட்டுடன் நுழைகிறார். பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியையும் பார்த்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்கிறார்: அவர் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார், அருகில் யார் இருக்கிறார்கள். மாலை ஐந்து மணி வரை இதுதான் வேலை. மறுநாளும் இதே வேலை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஐந்து பக்கவாதப் பிரிவுகளில் 58 நோயாளிகளை இப்படிக் கவனித்த ஜூலி பெர்ன்ஹார்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லோரும் நோய் தாக்கிய முதல் பதினான்கு நாட்களுக்குள் இருந்தவர்கள். பகல் பொழுதில் பாதிக்கு மேல் படுக்கையிலேயே கழிந்திருந்தது. 28 சதவீத நேரம் படுக்கையை விட்டு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். சிக்கல்களைத் தடுத்து இயக்கத்தை மீட்க உதவக்கூடிய செயல்களுக்குக் கிடைத்தது 13 சதவீதம். 60 சதவீத நேரம் அவர்கள் அருகில் ஒருவரும் இல்லை.

மறுவாழ்வு மருத்துவத்தில் வேலை செய்கிற எவருக்கும் இந்தக் கடைசி எண் நெஞ்சைத் தைக்கும். பக்கவாதம் வந்தவருக்குப் பேச்சு போயிருக்கலாம், ஒரு பக்கம் உலகமே இல்லாததுபோல் தோன்றலாம், கை எங்கே கிடக்கிறது என்றே தெரியாமல் இருக்கலாம். அந்த நிலையில் பகல் முழுவதும் கூரையைப் பார்த்துக்கொண்டு தனியாகப் படுத்திருப்பது எப்படி இருக்கும்? அந்த வேதனையான கேள்வியிலிருந்துதான் நம் துறையின் மிக முக்கியமான ஆய்வுகளில் ஒன்று பிறந்தது. அது எதிர்பார்த்த இடத்தில் போய் முடியவில்லை. அப்படி முடியாததாலேயே அது பக்கவாத மறுவாழ்வைப் பற்றிய நம் சிந்தனையை மாற்றியது. ‘மிகச் சீக்கிர மறுவாழ்வுச் சோதனை’ என்று பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அந்த ஆய்வை ‘அவெர்ட்’ என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஆராயப்படும் நிகழ்வு ஒரு தனி நோயாளியின் கதை அல்ல, இந்த ஆய்வேதான்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது

படுக்கை ஓய்வு ஒருகாலத்தில் எல்லா நோய்க்கும் பொதுவான மருந்தாக இருந்தது. 1947இல் பிரிட்டிஷ் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் அதன் ஆபத்துகளை அடுக்கிக் காட்டினார்: நிமோனியா, காலில் இரத்த உறைவு, படுக்கைப்புண், தசை நலிவு, மனச்சோர்வு. அரை நூற்றாண்டு கழித்து 1999இல் பதினைந்து வெவ்வேறு நோய்நிலைகளில் படுக்கை ஓய்வைச் சோதித்த 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அது பயன் தருகிறது என்பதற்கான சான்று கிடைக்கவில்லை. சிலவற்றில் தீங்கே தெரிந்தது.

பக்கவாதத்தில் இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது நார்வேயின் ட்ரொன்ஹெய்ம் நகரம். அங்கே பென்ட் இன்ட்ரெடாவிக்கின் குழு, பக்கவாதத்துக்கென்றே தனிப் பிரிவு அமைத்துச் சிகிச்சை அளித்தால் பொது வார்டைவிட அதிகமானோர் உயிர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள் என்று 1991இல் காட்டியது. அந்தப் பிரிவில் எது வேலை செய்தது என்று 1999இல் அலசியபோது முன்னால் வந்து நின்றது, நோயாளியைச் சீக்கிரம் படுக்கையிலிருந்து எழுப்பியதுதான். அதன் பிறகு ‘சீக்கிரம் எழுப்பு’ என்பது பல நாடுகளின் வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றது. ஆனால் ‘சீக்கிரம்’ என்றால் எத்தனை மணி நேரம், எழுப்பிய பின் எவ்வளவு நேரம், ஒரு நாளில் எத்தனை முறை என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எந்த மருந்தையும் அளவு குறிப்பிடாமல் சீட்டில் எழுத மாட்டோம். இந்த ஒரு மருந்தை மட்டும் அப்படி எழுதிக்கொண்டிருந்தோம்.

எச்சரிக்கைக் குரல்களும் அப்போதே இருந்தன. மூளையில் சேதம் ஏற்படுத்தப்பட்ட எலிகளுக்கு நல்ல காலைக் கட்டிப்போட்டு, பாதிக்கப்பட்ட காலை மட்டுமே முதல் பதினைந்து நாட்களில் பயன்படுத்த வைத்தபோது சேதம் பெரிதானது என்று 1996இல் ஓர் ஆய்வு சொன்னது. மனிதர்களைப் பொறுத்தவரை நரம்பியல் மருத்துவர்களின் கவலை இரத்த ஓட்டத்தைப் பற்றியது. அடைப்பு ஏற்பட்ட இடத்தைச் சுற்றி, இன்னும் இறக்காமல் உயிருக்குப் போராடும் ஒரு விளிம்புப் பகுதி இருக்கும். பக்கத்துக் குழாய்களிலிருந்து கசிந்து வரும் இரத்தம்தான் அதற்கு ஆதாரம். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் நலமான மூளை தன் குழாய்களைச் சரிசெய்து சமாளித்துக்கொள்ளும். அடிபட்ட மூளையில் அந்தத் திறன் பல நாட்கள் செயலிழந்து கிடக்கலாம். ஆக, ஒரு பக்கம் படுக்கையின் தீங்கு, மறுபக்கம் நிற்பதன் அபாயம். இரண்டுமே நியாயமான வாதங்கள். வாதத்தால் தீர்க்க முடியாததைச் சோதனையால் தீர்க்க வேண்டியிருந்தது.

சிறிய ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

முதலில் 71 பேரை வைத்து ஒரு முன்னோட்ட ஆய்வு. 2008இல் வந்த அதன் முடிவைப் படித்தவர்கள் பெரும்பாலும் ‘செய்ய முடிகிறது, பாதுகாப்பாகவும் இருக்கிறது’ என்பதையே நினைவில் வைத்துக்கொண்டார்கள். பின்னர் 2011இல் அதே நோயாளிகளைப் பற்றி வந்த கட்டுரை இன்னும் ஊக்கம் தந்தது: மிகச் சீக்கிரம் எழுப்பப்பட்டவர்கள் துணையின்றி ஐம்பது மீட்டர் நடக்க எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் (பாதிப் பேர் அதற்குள் நடந்துவிட்ட காலம்) 3.5 நாட்கள், மற்றவர்களுக்கு 7 நாட்கள்.

அதே முன்னோட்ட ஆய்வில் இன்னொரு கணக்கும் இருந்தது. மூன்று மாதங்களுக்குள் இறந்தவர்கள், சீக்கிரம் எழுப்பிய 38 பேரில் 8 பேர். வழக்கமான பராமரிப்பில் இருந்த 33 பேரில் 3 பேர். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இந்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்கலாம். புள்ளியியல் அதைத்தான் சொன்னது. பின்னாளில் தெரிந்ததை வைத்து அன்றைய முடிவைப் பழிக்க நான் விரும்பவில்லை. ஆனால் ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லை 71 பேரின் மீது ஏற்றி வைப்பது அதனால் தாங்க முடியாத சுமை. நம் துறையில் பெரும்பாலான ஆய்வுகள் இந்த அளவில்தான் இருக்கின்றன. இருபது பேர், முப்பது பேர் என்று. அவற்றின் முடிவைக் கொண்டு வார்டின் நடைமுறையை மாற்றிவிடுகிறோம்.

பெர்ன்ஹார்ட்டின் குழு அந்த அவசரத்தைக் காட்டவில்லை. தாங்கள் நம்பிய சிகிச்சையைத் தாங்களே பெரிய சோதனைக்கு உட்படுத்தினார்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

எட்டு ஆண்டுகள், ஐந்து நாடுகள்

2006 ஜூலையில் முதல் நோயாளி சேர்க்கப்பட்டார். 2014 அக்டோபரில் கடைசி நோயாளி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளின் 56 பக்கவாதப் பிரிவுகளில் மொத்தம் 2,104 பேர். மறுவாழ்வுத் துறையில் இவ்வளவு பெரிய சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு அதுவரை அரிது. நோய் தாக்கி 24 மணி நேரத்துக்குள் வந்தவர்கள், முன்பு தன் வேலைகளைப் பெருமளவு தானே செய்துகொண்டவர்கள், இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் உயிர்வளி அளவும் காய்ச்சலும் குறித்த எல்லைகளுக்குள் இருந்தவர்கள் சேர்க்கப்பட்டார்கள். கால்வாசிப் பேர் எண்பது வயதைத் தாண்டியவர்கள். ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தும் கொடுக்கப்பட்டிருந்தது. 258 பேருக்கு வந்தது மூளைக்குள் இரத்தக்கசிவு. முதியவரையும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவரையும் கழித்துவிட்டு ‘நல்ல’ நோயாளிகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் பழக்கத்தை இந்த ஆய்வு பின்பற்றவில்லை. அதனால்தான் அதன் முடிவை எந்த வார்டாலும் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

நோயாளிகளைச் சீட்டுப்போட்டதுபோல் இரு குழுக்களாகப் பிரித்தார்கள்: ஒன்றுக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும்; மற்றதற்கு, அதாவது சிகிச்சைக் குழுவுக்கு, அதோடு மிகச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் எழுப்புதல். சிகிச்சைக் குழுவுக்கு விதி மூன்று: 24 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், உட்கார்வது, நிற்பது, நடப்பது என்று படுக்கைக்கு வெளியேயான செயல்களாக இருக்க வேண்டும், வழக்கமாகக் கிடைப்பதற்கு மேல் நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று முறையாவது கூடுதலாகச் செய்ய வேண்டும். பதினான்கு நாட்கள் வரை, அல்லது அந்தப் பிரிவிலிருந்து அனுப்பப்படும் வரை. பிசியோதெரபிஸ்ட்களும் செவிலியர்களும் சேர்ந்து செய்தார்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் என்பதைப் பதிந்தார்கள். அந்தப் பதிவுகள் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையின் இரண்டாம் பாதியே நமக்குக் கிடைத்திருக்காது.

மூன்று மாதங்கள் கழித்து, யார் எந்தக் குழுவில் இருந்தார் என்று தெரியாத ஒருவர் நோயாளியை மதிப்பிட்டார். அளவுகோல், பக்கவாத ஆய்வுகளில் எங்கும் பயன்படும் ராங்கின் அளவுகோல். 0 என்றால் எந்தக் குறையும் இல்லை. 6 என்றால் மரணம். 2 வரை வந்தால், பழைய வேலைகள் எல்லாம் முடியாவிட்டாலும் தன் காரியங்களைப் பிறர் உதவியின்றிப் பார்த்துக்கொள்ள முடியும். அந்த 0, 1, 2 ஆகியவற்றையே ‘நல்ல முடிவு’ என்று முன்கூட்டியே வரையறுத்திருந்தார்கள்.

முடிவு

2015 ஏப்ரலில் ஆய்வு வெளியானது. வழக்கமான பராமரிப்பில் இருந்த 1,050 பேரில் 525 பேர், அதாவது 50 சதவீதம், நல்ல முடிவை எட்டியிருந்தார்கள். மிகச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் எழுப்பப்பட்ட 1,054 பேரில் எட்டியவர்கள் 480 பேர், 46 சதவீதம். வயதையும் பாதிப்பின் கடுமையையும் சரிக்கட்டிய பிறகு, சிகிச்சைக் குழுவில் நல்ல முடிவுக்கான வாய்ப்பு விகிதம் 0.73. (1 என்றால் இரு குழுக்களும் சமம்; அதற்குக் கீழே என்றால் வாய்ப்பு குறைவு.) மூன்று மாதங்களில் இறந்தவர்கள் சிகிச்சைக் குழுவில் 88 பேர், வழக்கமான பராமரிப்பில் 72 பேர். இந்த மரண வேறுபாட்டைத் தற்செயல் என்று சொல்ல இடமிருந்தது. நல்ல முடிவில் இருந்த வேறுபாட்டை அப்படிச் சொல்ல இடமில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. ராங்கின் அளவுகோலை 2க்கும் 3க்கும் நடுவில் வெட்டாமல், முழுவதும் ஒரே வரிசையாக வைத்துப் பார்த்தபோது இரு குழுக்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆகவே ‘சீக்கிரம் எழுப்பினால் எல்லோருக்கும் கெடுதல்’ என்று இதைப் படிப்பது மிகை. ‘பயன் இருக்கிறது’ என்பதற்கு எந்தப் பக்கமிருந்தும் ஆதரவு வரவில்லை என்பதுதான் உறுதியானது. முன்னோட்ட ஆய்வில் மனத்தைக் கவர்ந்த அந்த ‘பாதி நாட்களில் நடந்துவிட்டார்கள்’ என்ற விஷயம் இங்கே காணாமல் போயிருந்தது. நடக்கத் தொடங்கும் காலத்தில் வேறுபாடு இல்லை. படுக்கையில் கிடப்பதால் வரும் சிக்கல்களும் இரு குழுக்களிலும் குறைவாகவே இருந்தன. எதைத் தடுக்க இவ்வளவு பாடுபட்டார்களோ, அது வழக்கமான பராமரிப்பிலேயே பெரும்பாலும் தடுக்கப்பட்டிருந்தது.

2021இல் முதல் பதினான்கு நாட்களை மட்டும் தனியே எடுத்து அலசியபோது படம் இன்னும் தெளிந்தது. அந்த இரண்டு வாரங்களில் இறந்தவர்கள் சிகிச்சைக் குழுவில் 48, மற்றதில் 32. மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டவர்களிடமும் எண்பது வயதைக் கடந்தவர்களிடமும் அபாயம் கூடுதலாகத் தெரிந்தது. இவை துணைக்குழு அலசல்கள். இறுதித் தீர்ப்பு அல்ல. ஆனாலும் கசிவு வந்த எண்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை முதல் நாளே நடக்க வைக்கத் துடிக்கும் ஒருவரின் கையைப் பிடித்து நிறுத்த இவை போதும்.

நான்கு மணி நேர வேறுபாடு

இங்கேதான் இந்த நிகழ்வின் சாரம் இருக்கிறது. பெரும்பாலோர் இந்த ஆய்வை ‘24 மணி நேரத்துக்குள் எழுப்பலாமா, கூடாதா’ என்ற கேள்விக்கான விடையாக எடுத்துக்கொண்டார்கள். பதிவுகளைப் பாருங்கள்: சிகிச்சைக் குழுவில் முதன்முறை எழுப்பிய இடைநிலை நேரம் 18.5 மணி, வழக்கமான குழுவில் 22.4 மணி. வேறுபாடு நான்கு மணி நேரம்கூட இல்லை. வழக்கமான குழுவிலும் 59 சதவீதம் பேர் முதல் 24 மணி நேரத்துக்குள் எழுந்துவிட்டார்கள். ஆய்வு நடந்த எட்டு ஆண்டுகளில் ‘சீக்கிரம் எழுப்பு’ என்ற எண்ணம் வார்டுகள்தோறும் பரவியதால், ஒப்பீட்டுக் குழுவின் தொடக்க நேரமும் ஆண்டுக்கு 28 நிமிடம் வீதம் முன்னுக்கு நகர்ந்துகொண்டே வந்தது. ஒப்பிட வேண்டிய தரை ஆய்வாளர்களின் காலடியிலேயே நழுவிக்கொண்டிருந்தது.

பெரிய வேறுபாடு அளவில் இருந்தது. சிகிச்சைக் குழுவினர் நாளொன்றுக்கு 6.5 முறை எழுப்பப்பட்டார்கள். மற்றவர்கள் 3 முறை. நாளொன்றுக்கு 31 நிமிடம். மற்றவர்களுக்கு 10 நிமிடம். மொத்தத்தில் 201.5 நிமிடமும் 70 நிமிடமும். ஆக, ஆய்வு ஒப்பிட்டது ‘சீக்கிரம்’, ‘தாமதம்’ என்ற இரண்டை அல்ல. ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கிய இரண்டு அளவுகளை ஒப்பிட்டது. ஒன்று மற்றதைப்போல் மூன்று மடங்கு.

அந்தப் பதிவுகளை வைத்து 2016இல் வந்த அலசல்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது. தொடக்க நேரம், மொத்த நிமிடங்கள், எத்தனை முறை என்ற மூன்றையும் பிரித்தெடுத்தார்கள். மற்ற இரண்டையும் மாறாமல் வைத்துப் பார்த்தால், நாளொன்றுக்கு ஒருமுறை கூடுதலாக எழுப்பியபோது நல்ல முடிவுக்கான வாய்ப்பு 13 சதவீதம் கூடியது. அன்றாட நேரத்தில் ஐந்து நிமிடம் கூடும்போது வாய்ப்பு 6 சதவீதம் குறைந்தது. ஒன்று ஏற, மற்றது இறங்குகிறது. சுருக்கமாக, அடிக்கடி எழுப்பு, ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் மட்டும். ‘அதிகம்’ என்ற ஒரே சொல்லுக்குள் எதிரெதிர் திசையில் இழுக்கும் இரண்டு பொருள்கள் ஒளிந்திருந்ததை அதற்கு முன் நாம் கவனிக்கவே இல்லை.

இதை மிகையாக நம்பவும் கூடாது. நிமிடங்களையும் முறைகளையும் யாரும் சீட்டுப்போட்டு ஒதுக்கவில்லை; எவரால் தாங்க முடிந்ததோ அவருக்கு அதிகம் கிடைத்திருக்கும். வயதையும் கடுமையையும் கணக்கில் சரிக்கட்டினாலும், சிகிச்சை அளிப்பவர் கண்ணால் பார்த்து ‘இன்று இவர் சோர்ந்திருக்கிறார்’ என்று நிறுத்தியதை எந்தக் கணக்கும் முழுதாகப் பிடிக்காது. அப்படியும், தாங்கக்கூடியவர்களே கூடுதல் நிமிடங்களைப் பெற்றிருப்பார்கள் என்றால், கூடுதல் நிமிடங்கள் நல்ல முடிவோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும். வந்தது எதிர்மாறாக. அதனால்தான் அந்தக் கணிப்பை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? இரத்த ஓட்டம் குறைவதே காரணம் என்ற விளக்கம் உடனே மனத்தில் வருகிறது. ஆனால் 2017இல் 11,093 பேரைக் கொண்ட இன்னோர் ஆய்வு, முதல் 24 மணி நேரம் தலையை உயர்த்தாமல் மட்டமாகப் படுக்க வைப்பதையும் முப்பது டிகிரியாவது உயர்த்தி வைப்பதையும் ஒப்பிட்டபோது எந்த வேறுபாட்டையும் காணவில்லை. தலையின் கோணம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்திருந்தால் அங்கே ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். படுக்கையில் சாய்ந்திருப்பதும் செயலிழந்த காலை ஊன்றி நிற்கப் பாடுபடுவதும் ஒன்றல்ல. அந்த உழைப்பு, அதனால் ஏறி இறங்கும் அழுத்தம், காயம்பட்ட மூளையின் ஆற்றல் செலவு எல்லாம் சேர்ந்து வேலை செய்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

வார்டில் என்ன ஆனது

நெறிமுறைகள் மாறின. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 24 மணி நேரத்துக்குள் அதிக அளவில் எழுப்புவதைச் செய்யக் கூடாது என்றது. பிரிட்டனின் 2016ஆம் ஆண்டுத் தேசிய வழிகாட்டுதல் இன்னும் நுணுக்கமானது. அசைவதில் சிரமம் உள்ள ஒவ்வொருவரையும் முதல் 24 மணி நேரத்துக்குள் தேர்ந்த ஒருவர் மதிப்பிட வேண்டும். உடல்நிலை சீராக இருப்பவரை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கி, அடிக்கடி, குறுகிய நேரம் எழுப்ப வேண்டும். பிறர் உதவி சிறிதளவோ தேவையே இல்லாமலோ எழக்கூடியவரை மட்டும் அதற்கு முன்பே எழுப்பலாம். இந்த மூன்றாவது வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தானாக எழுந்து கழிவறைக்குப் போக முடிகிற ஒருவரை, ஆய்வு சொல்கிறது என்று படுக்கையில் கட்டிப்போட யாருக்கும் உரிமை இல்லை.

நான் பணியாற்றிய ஓர் இடத்தில் இந்த ஆய்வு ‘முதல் இரண்டு நாள் யாரையும் தொடாதே’ என்ற எழுதப்படாத விதியாக உருமாறிப்போனது. ஆள் பற்றாக்குறை இருந்த வார்டு அது. வேலையைத் தள்ளிப்போட ஓர் அறிவியல் காரணம் கிடைத்ததும் அதைப் பற்றிக்கொண்டார்கள். நோயாளியைப் புரட்டிப் போடுவதும், கை கால் மூட்டுகளை மெல்ல அசைத்துக் கொடுப்பதும், விழுங்கும் திறனைச் சோதிப்பதும், பேசிப் பார்ப்பதும் அந்தத் தடைக்குள் சேர்ந்துவிட்டன. ‘அவெர்ட்’ தடுக்கச் சொன்னவை இவை அல்ல. 2004இல் பதிவான அந்த 60 சதவீதத் தனிமைக்குத் திரும்பிப் போவதற்கு இந்த ஆய்வு சாக்காகிவிட்டால், அதைச் செய்தவர்களுக்கும் அதில் பங்கேற்ற இரண்டாயிரம் பேருக்கும் நாம் இழைக்கும் அநீதி அது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இதே கேள்வி, வேறு படுக்கைகளில்

பக்கவாதத்தோடு இது முடியவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் இதே வரலாறு திரும்ப நடந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த 104 பேரை மயக்க மருந்தை நிறுத்தும் வேளைகளில் சீக்கிரமே அசைய வைத்த ஆய்வு 2009இல் வந்தது. மருத்துவமனையிலிருந்து புறப்படும்போது தன் வேலைகளைத் தானே செய்யும் நிலைக்குத் திரும்பியவர்கள் 59 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 35 சதவீதம். மருத்துவ உலகமே மகிழ்ந்தது. 2022இல் 750 பேரோடு பெரிய ஆய்வு வந்தது. இரு குழுக்களும் அசைய வைக்கப்பட்டன. நாளொன்றுக்கு ஒன்று ஏறத்தாழ 21 நிமிடம், மற்றது 9 நிமிடம். ஆறு மாதத்தில் உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாட்கள் அதிகம் அசைந்த குழுவில் 143, மற்றதில் 145. அசைவதால் வந்திருக்கக்கூடிய பாதகங்கள் அதே வரிசையில் 9.2 சதவீதம், 4.1 சதவீதம். இங்கும் ஒப்பிடப்பட்டது அசைவையும் ஓய்வையும் அல்ல, இரண்டு அளவுகளைத்தான். கூட்டிய அளவு கூடுதல் பயனைத் தரவில்லை.

கைகளுக்கான பயிற்சியில் கதை இன்னும் சுவையானது. நல்ல கையைக் கட்டுப்படுத்தி, பாதிக்கப்பட்ட கையை வேலை வாங்கும் பயிற்சி, நோய் தாக்கி மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆனவர்களுக்குப் பலன் தருகிறது என்று 2006இல் 222 பேர் கொண்ட ஆய்வு காட்டியது. அதையே நோய் வந்த சுமார் பத்தாம் நாளில் 52 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. அதில் நாளுக்கு மூன்று மணி நேரம் தீவிரப் பயிற்சி பெற்றவர்கள், குறைந்த அளவு பெற்றவர்களைவிட மூன்று மாத முடிவில் பின்தங்கியிருந்தார்கள். ஒரே பயிற்சி, வேறு காலம், வேறு அளவு, எதிரான விளைவு.

அந்த 2009ஆம் ஆண்டு ஆய்வை நடத்திய அலெக்சாண்டர் டிரோமெரிக்கின் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் புதிரில் இன்னொரு துண்டைப் பொருத்தியது. 72 பேர். வழக்கமான சிகிச்சைக்கு மேல் இருபது மணி நேரக் கைப் பயிற்சி. அதை எப்போது கொடுப்பது என்பது மட்டுமே வேறுபட்டது: முதல் முப்பது நாட்களுக்குள், இரண்டு மூன்று மாதங்களில், ஆறு மாதங்களுக்குப் பிறகு. ஓராண்டு முடிவில் 57 புள்ளிகள் கொண்ட கைச் செயல்திறன் சோதனையில் அதிகப் பயன் இரண்டு மூன்று மாதங்களில் பெற்றவர்களுக்கு, கூடுதல் பயிற்சி பெறாதவர்களைவிட 6.87 புள்ளிகள் மேல். முதல் மாதத்தில் பெற்றவர்களுக்கு 5.25. ஆறு மாதம் கழித்துப் பெற்றவர்களுக்குக் கிடைத்தது தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத 2.41. சிறிய ஆய்வு என்பதை மறக்கவில்லை. 71 பேரைப் பற்றி மேலே சொன்ன அதே எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஆனால் மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் ஒரு பருவம் உண்டு என்று விலங்குகளில் கண்டதை, மனிதரில் நேராகச் சோதித்த முயற்சி இது.

இந்தப் பருவங்களுக்குப் பொதுவான பெயர்களே நம்மிடம் இல்லாமல் இருந்தன. ஒருவர் ‘ஆரம்பக் கட்டம்’ என்று எழுதினால் அது மூன்று நாளா, மூன்று மாதமா என்று தெரியாது. பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி 2017இல் வகுத்த எல்லைகள் இப்போது பரவலாகப் பின்பற்றப்படுகின்றன: முதல் 24 மணி நேரம், முதல் வாரம், ஒரு வாரத்திலிருந்து மூன்று மாதம், மூன்றிலிருந்து ஆறு மாதம், அதன் பின். சலிப்பூட்டும் வேலைபோலத் தோன்றலாம். ஆனால் இவை இல்லாமல் இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூட முடியாது.

இன்னும் திறந்திருக்கும் கேள்வி

‘அவெர்ட்’ எழுப்பிய கேள்விக்கு விடை தேடி அதே குழு 2019இல் இன்னொரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. இம்முறை ‘சீக்கிரமா, வழக்கம்போலா’ என்று கேட்கவில்லை. லேசான பாதிப்புள்ளவர்களுக்கும் நடுத்தரப் பாதிப்புள்ளவர்களுக்கும் தனித்தனியாக, பல அளவுத் திட்டங்களை அருகருகே வைத்துச் சோதிப்பதே அதன் நோக்கம். தரவு சேரச் சேர, பலன் தராத திட்டத்தைக் கைவிட்டு மேலானதற்கு அதிக நோயாளிகளை ஒதுக்கும் வடிவமைப்பு. மருந்து ஆய்வுகளில் பழகிப்போன இந்த முறை, உட்கார வைப்பதற்கும் நடக்க வைப்பதற்கும் வந்து சேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

என் வேலையில் இது கொண்டுவந்த மாற்றம் மிகச் சிறியது. முன்பெல்லாம் நோயாளியின் தாளில் ‘உட்கார வைக்கப்பட்டார், நன்றாகத் தாங்கினார்’ என்று ஒரு வரி எழுதுவேன். இப்போது மூன்று எண்கள் எழுதுகிறேன்: நோய் தாக்கி எத்தனையாவது மணி, எத்தனை நிமிடம், இன்று எத்தனையாவது முறை. நாலாவதாக, எழுவதற்கு முன்னும் எழுந்த பின்னும் இரத்த அழுத்தம். மகனோ மகளோ அருகில் நின்று “நேற்று பத்து நிமிடம் உட்கார்ந்தாரே, இன்று அரை மணி நேரம் உட்கார வையுங்கள் டாக்டர்” என்று கெஞ்சும்போது, அந்த ஆசையை நான் புரிந்துகொள்கிறேன். ஒருகாலத்தில் என் ஆசையும் அதுவே. “அரை மணி நேரம் வேண்டாம்மா, இதே பத்து நிமிடம்தான். மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை எழுப்புவோம்” என்கிறேன். “நடுவில் அவர் படுத்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.”